சுவர்ப் பக்கத்துக் கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சீட்டு எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன், அவ்வளவுதான் பழக்கம். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். மாதம், வருஷம் எல்லாம் முன்னே பின்னே ஆகிவிடுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். வீடு வீடாகப் போய்க் கார் பாலிஷ் போடுகிற பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நேரில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லி அடுப்படிக்குப் போயிருப்பேன்.

எப்படித் தேய்ப்பது, எந்த டப்பா வாங்குவது என்பதெல்லாம் எழுதப்போவதில்லை. உங்களிடம் மிஷின் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். ஒரு கதவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் நான் செய்தது சரியா தப்பா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் புரியவில்லை. உங்களில் யாருக்காவது புரிந்தாலும் புரியலாம்.

சுனாமி வந்த வருஷம் நான் கடலூர் ஓ.டி.யில், அதுதான் பழைய டவுனில், ஒரு பட்டறையில் பெருக்குகிற வேலையில் இருந்தேன். இடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை. அங்கே பெயிண்ட் அடிக்கிறவரை நான் மேஸ்திரி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை யக்கா என்பார். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று என் கையில் துணியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். மாவு அரைத்த கை, ஒரே அழுத்தமாகப் போகிறது என்றார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பிறகு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவர நேரமில்லாதவர்கள் வீட்டுக்கே ஆள் கேட்டார்கள். பொம்பளை என்றால் வீட்டுக்குள் விடுவார்கள் என்று என்னை அனுப்பினார். போர்ட்டிகோவில் உட்கார்ந்து வண்டியை முழுக்கத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் மேலே ஒரு பூச்சு போட்டுத் துடைப்பேன். வெயிலும் உப்புக் காத்தும் பெயிண்டைத் தின்னாமல் காக்கிற அந்தப் பூச்சைத்தான் எல்லோரும் கோட்டிங் என்பார்கள்.

தொடக்கத்தில் ஒரு தப்பு செய்தேன். புதுப்பாளையத்தில் ஒரு டாக்டர் வீட்டு வெள்ளைக் கார். துணி போதவில்லை என்று என் பழைய நீலப் புடவையைக் கிழித்துத் தேய்த்தேன். பாலிஷில் சாயம் இறங்கி, பானெட் முழுக்கச் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி ஆகிவிட்டது. அழுதுகொண்டே மேஸ்திரிக்கு போன் போட்டேன். அவர் டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கி, டாக்டர் அம்மாவிடம் இது ஒரு வகை மருந்து, இப்படித்தான் முதலில் நீலமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்தார். போகும்போது சொன்னார்.

"இனிமே வெள்ள பனியன் துணிதான். வேற கலரே தொடாத. ஏன்னா நீ வண்டியப் பாக்கக் கூடாதுக்கா, துணியத்தான் பாக்கணும். கம்பெனில அடிச்ச கலருக்கு மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு இருக்கும், தேய்ச்சா அழுக்குதான் வரும். பட்டறைல நான் அடிச்ச கலர் துணில ஒட்டும். துணில கலர் ஏறினா அது நம்ம வேல. கைய நிறுத்திடு."

அதிலிருந்து வெள்ளை பனியன் துணியைத் தவிர வேறு தொட்டதில்லை. இதை எதற்குச் சொன்னேன் என்றால், பின்னால் வந்ததெல்லாம் இந்தத் துணியால் வந்தது.

2008 என்று நினைக்கிறேன். தை மாதக் கல்யாணம், அதற்கு ஒரு வாரம் முன்னால். மஞ்சக்குப்பத்தில் ஒரு வாத்தியார் வீடு. ஒரே பெண். அதுவும் டீச்சருக்குப் படித்துவிட்டு விருத்தாசலத்தில் ஆஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சிதம்பரம். அவர்கள் கார் வேண்டும் என்று கேட்கவில்லையாம். உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதுதானே என்று மட்டும் சொன்னார்களாம். கேட்டிருந்தால்கூட இல்லை என்று சொல்லியிருக்கலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது. வாத்தியார் பாண்டிச்சேரியில் போய்ச் சின்ன சிவப்புக் கார் ஒன்று வாங்கி வந்தார். புது வண்டிதான். பில் எல்லாம் இருந்தது.

அவர் அப்போதுதான் வண்டி ஓட்டப் பழகியிருந்தார். தன் வீட்டு கேட் தூணிலேயே பின் கதவை உரசிவிட்டார். கதவு குழிந்து, பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக வண்டி நம் பட்டறைக்கு வந்தது, மேஸ்திரி இரண்டு நாளில் தட்டி அடித்துக் கொடுத்தார். மேலே கண்ணாடிப் பூச்சு அடிக்க நேரமில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் மங்கல். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வண்டி முழுக்கத் தேய்த்துக் கோட்டிங் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே பளபளப்பாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

போர்ட்டிகோவில் வெளியே தெரியாமல் இரண்டு புடவையைக் கட்டி மறைத்திருந்தார்கள். நான் தேய்க்க, வாத்தியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற மனுஷன், என்னிடம் கும்பிடுகிற மாதிரி பேசினார்.

"இடிச்ச வண்டியத் தலைல கட்டிட்டாங்கன்னு ஒரு சொல்லு வந்துடக் கூடாதும்மா. ஒரு சொல்லு போதும், எம்பொண்ணு அந்த வீட்டுல ஆயுசு பூரா அதக் கேட்டுக்கிட்டே இருக்கணும். அதுக்குக்கூட நான் சொல்லல. சொன்னா அங்க போயி உள்ளத உள்ளபடி ஒப்பிச்சிடும். பொய் வராது அதுக்கு."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். சத்தியமெல்லாம் செய்யவில்லை. ஆனால் அவர் வீட்டு அம்மா எனக்கு வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டால் சத்தியம் மாதிரிதானே.

கல்யாணம் முடிந்து வண்டி சிதம்பரம் போய்விட்டது. நான் மறந்தும் போனேன். புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முன்னால், வாத்தியார் போன் செய்தார். புது வண்டிக்கு ஒரு அம்மா கோட்டிங் போட்டுக் கொடுத்தார்கள் என்று அவர் கல்யாணத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தாராம், சம்பந்தி வீட்டில் வண்டியின் பளபளப்பு அவ்வளவு பிடித்துப்போய்விட்டதாம். மறுபடி கோட்டிங் போட வேண்டும், அதே அம்மாவை அனுப்புங்கள் என்று கேட்கிறார்களாம். வேறு ஆள் போனால் வம்பு, நீ வரமாட்டாய் என்றால் அதுவும் வம்பு, நீயே போ, அந்தக் கதவை மட்டும் பார்த்துக்கொள் என்றார்.

நானும் யோசித்துத்தான் போனேன். துணி சிவக்கும் என்று தெரியும். ஆகவே மேஸ்திரி சொன்னதை மீறி, அந்த ஒரு கதவுக்காக மட்டும் பழைய அரக்குப் பாவாடையை வெட்டித் துவைத்துச் சாயம் போக அலசி எடுத்துக்கொண்டேன். அரக்குத் துணியில் சிவப்பு தெரியாது. பஸ்ஸில் போகும்போதே எந்தக் கதவு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பின் கதவு. சுவர்ப் பக்கத்துக் கதவு. மஞ்சக்குப்பத்துப் போர்ட்டிகோவில் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு, முதுகு சுவரில் தேய, அந்தக் கதவைத் தேய்த்தது நன்றாக ஞாபகம் இருந்தது. சுவர்ப் பக்கம், சுவர்ப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

என் தப்பு இதுதான். இந்தத் தப்பை நம் தொழிலில் இருக்கிறவர்கள்தான் செய்வார்கள்.

சிதம்பரத்து வீட்டில் மாப்பிள்ளை, அவர் அம்மா, அந்தப் பெண், இவ்வளவுதான். அன்றைக்கு அந்த அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தார். திட்டக்குடிப் பக்கம் லாரி வைத்து ஓட்டியவர். வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை ஓடாது. சுவர்ப் பக்கம் அவருக்கு மறைவாக இருந்தது, அதில் கொஞ்சம் தைரியம். நெருக்கிக்கொண்டு உள்ளே போய், அரக்குத் துணியை எடுத்து, அந்தப் பின் கதவை மெல்லத் தடவின மாதிரி முடித்துவிட்டேன். கண்டம் தாண்டியது என்று நினைத்தேன். பனியன் துணியை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்து நிம்மதியாகத் தேய்த்தேன். முன் கதவில் அழுக்குக் கறுப்பாக வந்தது. பின் கதவு வெயில் பட்டு மங்கிக் கிடந்தது. அதனால் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். துணியைத் திருப்பிப் பார்க்கிறேன், குங்குமம் கொட்டின மாதிரி இருக்கிறது.

அந்த வீட்டில் வண்டியைப் பின்னால் எடுத்து உள்ளே விட்டிருந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் நேராக உள்ளே விட்டிருந்தது. வண்டி திரும்பி நின்றால் சுவர்ப் பக்கமும் மாறிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு நான் எந்த வண்டியையும் சுவரை வைத்து ஞாபகம் வைத்ததில்லை. பெட்ரோல் மூடி இருக்கிற பக்கம், இல்லாத பக்கம் என்றுதான் வைத்துக்கொள்வேன். இது ஒன்றை நிச்சயமாகச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிவந்த துணியைப் பார்த்ததும் நான் செய்த அடுத்த காரியம் அதைவிடக் கெட்டது. துணியைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். அழுக்குத் துணியை யாராவது இடுப்பில் செருகுவார்களா? பேசாமல் வாளியில் போட்டிருந்தால் அவர் பேப்பரைப் பார்த்திருப்பார்.

"எடும்மா அத" என்றார் அவர்.

எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து வந்து, கீழே கிடந்த இன்னொரு துணியை எடுத்து முன் கதவில் ஒரு தேய்ப்பு, பின் கதவில் ஒரு தேய்ப்பு. பிறகு உள்ளே பார்த்து, அக்கா இங்க வா என்று கூப்பிட்டார். அந்த அம்மா வந்தார்கள். பின்னாலேயே அந்தப் பெண், எனக்குக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோலம், தோளில் பை.

"உன் சம்பந்தி உனக்கு ரெண்டு வண்டி குடுத்துருக்காருக்கா. ஒண்ணு கம்பெனில செஞ்சது, ஒண்ணு பட்டறைல செஞ்சது" என்றார்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சிரித்துக்கொண்டேதான் விளக்கினார், அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பெண் நடுவில், மாமா, அப்பா புதுசுதான் வாங்கினார், பில்லை நானே பார்த்தேன் என்றது. பில்லுக்கு நான் எதுவும் சொல்லவில்லை மருமகளே, கதவுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் மருமகளைப் பார்த்தார்கள். பேசியிருந்தாலும் பரவாயில்லை. வாத்தியார் சொன்ன அந்த ஒரு சொல் அவர்கள் வாய் வரைக்கும் வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ தொழில் பண்றவ. நீயே சொல்லு. இது கம்பெனி பெயிண்டா, பட்டறை பெயிண்டா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். துணி அவர் கையில் இருக்கிறது, லாரி ஓட்டியவருக்கு அது தெரியாதா? தெரியாது என்று சொன்னால் எனக்கும் அதில் பங்கு என்று ஆகும். கம்பெனி பெயிண்ட் என்றால் பச்சைப் பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பட்டறை பெயிண்டுதான் சார்."

"எப்ப அடிச்சது?"

"அது தெரியாதுங்க."

முதலில் சொன்னது நிஜம், இரண்டாவது சொன்னது பொய். இரண்டுமே ஒரே குரலில்தான் வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் புதிதாக ஏதோ எழுதினால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். குளிக்கும்போதே எல்லாம் காதில் விழுந்திருக்கும், பாத்ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தான். வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமா கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"அத ஏன் மாமா பஞ்சாயத்து வைக்கிறீங்க. நான்தான் இடிச்சேன்."

"நீயா? எப்ப மாப்ள?"

"பங்குனில. பிச்சாவரம் போயிருந்தப்ப ஒரு கல்லுல உரசிடுச்சி. அம்மா கத்துவாங்கன்னு அங்கயே ஒரு பட்டறைல குடுத்து அடிச்சிட்டு வந்தேன்."

"பிச்சாவரத்துக்கு யாரோட போன?"

"ஆபீஸ் பசங்களோடதான்."

மாமா நம்பினாரோ இல்லையோ, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடித்தவன் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான், கலர் மட்டும் பரவாயில்லை என்று கிண்டல் செய்தார். அந்த அம்மா மகனைத் திட்ட ஆரம்பித்தார்கள். பொண்ணு வீட்டில் ஆசையாகக் கொடுத்த வண்டியை இப்படியா ஓட்டுவாய், அவர்கள் கேட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றார்கள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் தலைகீழாக ஆகிவிட்டது. அந்தக் கதவை யார் இடித்தது என்று எனக்குத் தெரியும். மேஸ்திரி அடித்த பெயிண்ட் காய்கிறவரைக்கும் விசிறிவிட்டவள் நான். ஆனால் மாப்பிள்ளை சொன்ன விதத்தில் ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை அதே கதவில் மறுபடி இடித்து மறுபடி அடித்திருப்பாரோ?

மீதி வேலையை முடித்தேன். கோட்டிங் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் ரோடு வரைக்கும் கூட வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டதாம். ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தது. பாதி தூரம் வந்துவிட்டோம். பிறகு, அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா என்றது. பெயிண்டைப் பற்றிக் கேட்கப்போகிறது என்று நினைத்து, என்ன சொல்வது என்று தயாராக வைத்திருந்தேன். அது கேட்டது வேறு.

"பங்குனில அவரு எங்கயும் போகலன்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன். நான் ஸ்கூலுக்குப் போயிட்டப்புறம் போயிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஆபீஸ் பசங்கன்றாரு. போட்டுல சுத்திப் பாக்குற எடத்துக்கு வேல நாள்ல எந்த ஆபீஸ்ம்மா கூட்டிட்டுப் போவும்? யாரோட போனாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா அந்தக் கதவு எப்ப அடிச்சதுன்னு பாத்தா சொல்ல முடியுமா? பங்குனின்னு சொல்ல முடியுமா?"

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. அப்பாவின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது, இனி பெண்ணுக்குக் குறையில்லை என்றுதான் வந்துகொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் அந்த ஒரு சொல் மாமியார் வாயிலிருந்து இறங்கி இந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றிய சந்தேகமாக. அவர் அப்படிச் சொன்னது இவளைக் காப்பாற்ற என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எனக்கு அதுவும் நிச்சயமில்லை. சொன்னால் வாத்தியார் வீட்டு வெற்றிலைத் தட்டை வாங்கியதற்குத் துரோகம். சொல்லாவிட்டால் இந்தப் பெண் இன்றைக்கு ராத்திரியிலிருந்து புருஷனை வேறு கண்ணால் பார்க்கும். கேட்கக்கூடச் செய்யாது, பார்க்கும். பொய் வராத பெண் என்று அப்பா சொன்னார். பொய் வராதவர்கள் அடுத்தவர் பொய்யை எப்படித் தாங்குவார்கள்?

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறுவதா வேண்டாமா என்று ஆட்டோக்காரர் கேட்டார். நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். என் ஆயுசில் நானாக ஒருவரை அனுப்பிவிட்டு நின்றது அதுதான்.

"பங்குனி இல்லம்மா. தை. கல்யாணத்துக்கு முன்னாடி. உங்க வீட்டு கேட்டு தூணு" என்றேன்.

அது உடனே புரிந்துகொள்ளவில்லை. எங்க வீடா என்று கேட்டது. ஆமாம் என்றேன். யாரு என்று கேட்கவில்லை. அப்பா அப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டாரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. முகத்தில் என்ன வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிரிக்கப்போகிற மாதிரி இருந்தது, அழவில்லை, கோபப்படவும் இல்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அப்ப அவரு ஏன் தன் மேல போட்டுக்கிட்டாரு? அவருக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியலம்மா."

"அப்பா சொல்லியிருப்பாரா?"

"தெரியலம்மா."

அன்றைக்கு நான் சொன்ன தெரியாதுகளில் இந்த இரண்டும்தான் உண்மையான தெரியாது.

கடலூர் வந்ததும் மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீ பொய் சொல்லியும் கெடுத்த, நெசம் சொல்லியும் கெடுத்தக்கா" என்றார். பிறகு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, நானாக இருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை என்றார். வாத்தியாரிடம் நான் போய்ச் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. அவரும் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஒரு முறை மஞ்சக்குப்பம் மைதானம் பக்கம் எதிரே வந்தார். என்னைப் பார்த்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்லா இருக்கியாம்மா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நன்றியா, வருத்தமா, வெறும் விசாரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த புரட்டாசியில் சிதம்பரத்திலிருந்து அந்த அம்மாவே போன் செய்து வரச் சொன்னார்கள். அரக்குத் துணியையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் அதே நாற்காலி, அதே மாமா. அந்தப் பெண் ஏழு மாதம் மாதிரி வயிற்றோடு வந்து, மாமா கொஞ்சம் நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள், அம்மா வேலை செய்ய வேண்டாமா என்று சத்தமாகச் சொன்னது. அவரும், வாத்தியார் மகள் உத்தரவு என்று முனகிக்கொண்டே தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் இந்த முறை பெட்ரோல் மூடியைப் பார்த்துக் கதவைக் கண்டுபிடித்தேன். அரக்குத் துணியைக் கையில் எடுத்தேன். பிறகு என்னவோ தோன்றி அதை உள்ளே வைத்துவிட்டு, வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். சிவக்கவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அழுக்குத்தான் வந்தது, கறுப்பாக.

யாரோ அந்தக் கதவை மறுபடி அடித்திருக்கிறார்கள். இந்த முறை மேலே கண்ணாடிப் பூச்சோடு, கம்பெனி வேலை மாதிரி. மேஸ்திரியிடம் கேட்டேன், நான் இல்லை என்றார். மாப்பிள்ளை செய்தாரா, அந்தப் பெண் செய்யச் சொன்னதா, இரண்டு பேரும் சேர்ந்து போனார்களா, வாத்தியாரே வந்து எடுத்துப்போய்க் கொடுத்தாரா? அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் காபி கொண்டுவந்து கொடுத்தபோது என் கையில் இருந்த துணியைப் பார்த்தது. நானும் துணியைப் பார்த்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டது. போதும் என்றேன்.

தானே புயலுக்கு அடுத்த வருஷம் முட்டி வலி வந்து வேலையை விட்டுவிட்டேன். அதற்குள் வேறு எத்தனையோ வண்டிகள், எத்தனையோ வீடுகள். ஒரு வீட்டின் ரகசியம் தெரிந்த பிறகு அந்த வண்டியைத் தொடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. தொடாமல் இருந்திருந்தால் வேறு யாராவது தொட்டிருப்பார்கள். அவர்கள் ரோடு வரைக்கும் வந்த பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

இதை யாராவது ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். கல்யாணம் தையில் என்று எழுதியிருக்கிறேன், மாசியாகவும் இருக்கலாம். 2008ஆ 2009ஆ என்பதும் சந்தேகம். கதவு பெட்ரோல் மூடி இருக்கிற பக்கமா, இல்லாத பக்கமா என்று எங்கேயும் எழுதவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன். மேஸ்திரி இன்னும் ஓ.டி.யில்தான் இருக்கிறார், அவரைக் கேட்டால் சொல்வார். மாதமும் வருஷமும் தப்பாக இருந்தால் அடித்துத் திருத்தி எழுதிவிடுங்கள். ஷேர் ஆட்டோவை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னேனே, அதையும் படித்துப் பாருங்கள். தப்பென்று பட்டால் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.